தாத்தாவின் தேய்ந்த காசுகளை விற்றுவிடலாமா?

கேள்வி: என் தாத்தா விட்டுச்சென்ற தகரப் பெட்டியில் பிரிட்டிஷ் இந்தியக் காசுகள் இருக்கின்றன. எல்லாம் தேய்ந்தவை. விக்டோரியா ரூபாய் ஒன்றில் வளையம் பற்றவைத்த தடம்கூட உண்டு. “கிரேடு (காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பதற்கான தர மதிப்பு) கிடைக்காது, எடைக்குப் போட்டுவிட்டுப் புழங்காத காசாக நான்கு வாங்குங்கள்” என்கிறார் ஒரு வியாபாரி. எனக்கு ஆர்வம் வரலாற்றில்தான். புளி போட்டுத் துலக்கி வைத்துக்கொள்ளலாமா?
- ஈரோடு வாசகர்

பதில்: முதலீடுதான் நோக்கம் என்றால் வியாபாரி சொல்வது சரி. வரலாறு என்று நீங்களே எழுதிவிட்டதால், அவருடைய அளவுகோல் உங்களுக்குப் பொருந்தாது.

பெட்டியில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலத்துக் காசுகள் இருந்தால் அவற்றை முதலில் ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். பழைய ரூபாயில் 12-இல் 11 பங்கு வெள்ளி இருந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் மக்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாயை வாங்கிப் பதுக்கத் தொடங்கவே, 1940-இல் அரசு ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டதுடன், ரூபாயின் எடையை அதே 11.66 கிராமில் நிறுத்திக்கொண்டு வெள்ளியின் பங்கை அந்த எடையில் பாதியாகக் குறைத்தது. கள்ளக்காசைத் தடுக்க விளிம்பின் நடுவே ஒரு பள்ளமும் வந்தது. ஏறத்தாழ 5 கிராம் இருந்த காலணா, செம்பை மிச்சப்படுத்துவதற்காக 1943-இல் 2 கிராம் எடையுள்ள ஓட்டைக் காலணாவாயிற்று. 1947-இல் ரூபாயில் வெள்ளியே இல்லை, வெறும் நிக்கல். இத்தனையையும் படிக்க ஆண்டும் விளிம்பும் தெரிந்தால் போதும். 1944, 1945 ரூபாய்களில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து தெரிந்தால், அது லாகூர் அக்கசாலையில் (காசு அச்சடிக்கும் சாலையில்) அடித்தது.

இதற்காகத் தரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1911-ஆம் ஆண்டு ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜின் மார்பணியில் இருந்த சிறிய யானை பன்றியைப்போல் தெரிகிறதென்று எதிர்ப்புக் கிளம்பியதால், அடுத்த ஆண்டே அச்சைத் திருத்தினார்கள். அந்த யானை தேய்ந்துவிட்ட காசில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அதற்கு மட்டும் நல்ல பிரதியைக் கூடுதல் விலை கொடுத்தே வாங்குவேன். காசிடம் எதைக் கேட்கிறோமோ, அந்த இடம் தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவே.

வளையத் தடம் சந்தைக்குக் குறை. உங்களுக்கோ அந்த ரூபாய் யாருடைய கழுத்திலோ நகையாகக் கிடந்ததற்குச் சான்று. அதை அராவி எடுக்காதீர்கள். புளியும் வேண்டாம், அதன் அமிலம் அழுக்கோடு காலப்போக்கில் படிந்த நிறத்தையும் மேற்பரப்பையும் அரித்துவிடும். பிவிசி என்ற பிளாஸ்டிக் உறைகளையும் தவிர்த்துவிடுங்கள், நாளடைவில் காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும்.

காசு ஒவ்வொன்றுக்கும் அமிலமில்லாத காகித உறை ஒன்றை எடுத்து, அந்தக் காசு யாரிடமிருந்து எப்படி வந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு உறையின் மேலேயே எழுதுங்கள். எழுதிய பிறகு காசை உள்ளே வையுங்கள். ஒரே ஆண்டு, ஒரே அக்கசாலை என்று இரட்டிப்பாக இருப்பவற்றை வேண்டுமானால் அந்த வியாபாரியிடமே கொடுக்கலாம்.