எக்ஸ்ரேயில் பல் வேர் நுனியில் கருப்பு வட்டம் தெரிந்தால் அது கட்டிதானா?

அம்மாவுக்கு எடுத்த ஓபிஜி எக்ஸ்ரேயில் (தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டுவது) கீழ்த்தாடைப் பல் ஒன்றின் வேர் நுனியில் கருப்பாக ஒரு வட்டம் தெரிகிறது, வலி எதுவும் இல்லை, அது கட்டியா, இந்தப் படத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மதுரையில் 16 வருடமாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். கோரிப்பாளையம் பக்கம் படம் எடுத்து, பெரிய கவரை மஞ்சப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வருகிறவர்கள் பயந்துபோய் என்னிடம் கேட்பதும் இதே கேள்விதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கதிர் எளிதாக ஊடுருவிப் போன இடம் படத்தில் கருப்பு, தடுக்கப்பட்ட இடம் வெள்ளை. கருப்புக்கு அதற்கு மேல் அர்த்தம் கிடையாது. தாடை எலும்பில் பிறவியிலேயே ஓட்டை உண்டு, பள்ளம் உண்டு, நரம்பு ஓடும் குழாய் உண்டு. அவையெல்லாம் கருப்பாகத்தான் விழும். ஆகவே நோயைத் தேடுவதற்கு முன்னால் நல்ல தாடை எப்படி இருக்கும் என்பது கண்ணில் பதிந்திருக்க வேண்டும்.

ஒரு நல்ல பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே தொப்பி மாதிரி பளீரென்று வெள்ளையாக இருப்பது எனாமல். அதற்கு உள்ளே சற்று மங்கலான டென்டின். நடுவில் மெல்லிய கருப்புப் பாதையாக இறங்குவது நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பல்கூழ். வேரைச் சுற்றி முடி கனத்தில் ஒரு கருப்புக் கோடு ஓடும். வேரை எலும்போடு கட்டி வைத்திருக்கும் சவ்வு அது. அதற்கு வெளியே அதை ஒட்டியே இன்னொரு மெல்லிய வெள்ளைக் கோடு. இதற்கு லாமினா டூரா என்று பெயர். இந்த இரண்டு கோடும் வேரின் நுனியைச் சுற்றி அறுபடாமல் போகின்றனவா என்பதைத்தான் எந்தப் படம் கையில் வந்தாலும் நான் முதலில் பார்ப்பேன். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் வலது பக்கம் வலி என்று வந்தார். கீழே இரண்டாவது முன்கடைவாய்ப்பல்லின் வேர் நுனியில் அழகாக ஒரு கருப்பு வட்டம். சீழ்க்கட்டி என்று முடிவுகட்டி வேர் சிகிச்சைக்கு எழுதிவிட்டேன். எங்கள் மேடம் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எக்ஸ்ரே குழாயைக் கொஞ்சம் சாய்த்து இன்னொரு படம் எடும்மா" என்றார். எடுத்தேன். இரண்டாவது படத்தில் வட்டம் வேரை விட்டு நகர்ந்து இரண்டு பற்களுக்கு நடுவில் போய் நின்றது. வேர் நுனியில் வெள்ளைக் கோடு முழுசாகத் தெரிந்தது. அந்த வட்டம் கீழுதட்டுக்குப் போகும் நரம்பு எலும்பிலிருந்து வெளியே வரும் துவாரம். மென்டல் ஃபொரமென் என்பார்கள். உங்களுக்கும் எனக்கும் எல்லோருக்கும் அது இருக்கிறது. அவருடைய வலி மேல்தாடையில் கடைசிப் பல்லின் சொத்தையிலிருந்து வந்திருக்கிறது. மேல் பல் வலி கீழ் பல்லில் இருப்பதுபோலத் தோன்றுவது சகஜம். நான் ஒரு நல்ல பல்லைக் குடைந்திருப்பேன். இன்றுவரை அந்த இடத்தில் ஒரு வட்டத்தைப் பார்த்தால் கோணம் மாற்றி இன்னொரு படம் எடுக்காமல் பேசமாட்டேன். வேரோடு ஒட்டிய நோய் என்றால் எந்தக் கோணத்திலும் வேரோடுதான் நிற்கும்.

இதே மாதிரி ஏமாற்றும் இடங்கள் இன்னும் உண்டு. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் அண்ணத்துக்குப் போகும் நரம்பின் துவாரம் கருப்பாக விழும். அது 1 செ.மீ.க்கு மேல் பெரிதாக இருந்தால் மட்டுமே நீர்க்கட்டியா என்று சந்தேகப்பட வேண்டும். மேல் கடைவாய்ப்பற்களின் வேர்களுக்கு இடையே மூக்கை ஒட்டிய காற்றறையான சைனஸ் இறங்கி வந்திருக்கும்போது, வேர்கள் ஏதோ பெரிய கட்டிக்குள் நுழைந்திருப்பதுபோல் தெரியும். கீழ்க் கடைவாய்ப்பற்களுக்கு அடியில் உமிழ்நீர்ச் சுரப்பி அமர்ந்திருக்கும் பள்ளமும் இருட்டாகவே இருக்கும். பல்லின் கழுத்துப் பகுதியில் பக்கவாட்டில் ஒரு கருப்பு நிழல் விழுந்து சொத்தை போலக் காட்டும். நேரில் கருவியால் தடவிப் பார்த்தால் அங்கே பல் கல் மாதிரி இருக்கும்.

சரி, உண்மையான நோய்க்கு வருவோம். சொத்தை பல்கூழைத் தொட்டு, அது செத்துப்போனால், கிருமியின் நச்சு வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்குகிறது. அங்கே வெள்ளைக் கோடு அறுந்து, எலும்பு கரைந்து, கருப்பு வட்டம் உண்டாகிறது. அதற்குள் இருப்பது வெறும் அழற்சித் திசுவா, நீர்க்கட்டியா என்று படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. பெரிதாக, உருண்டையாக, ஓரத்தில் வெள்ளை விளிம்போடு இருந்தால் நீர்க்கட்டியாக இருக்கும் வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். இதற்கு நேர் எதிரான சிக்கலும் இருக்கிறது. எலும்பின் தாதுச்சத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகே படத்தில் கருப்பு தெரியத் தொடங்கும். இரண்டு நாளாக உயிர்போகும் வலி, படத்தில் ஒன்றுமே இல்லை என்பது இதனால்தான். படம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அப்படிப்பட்டவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

அதனால் படத்தோடு பல்லையும் விசாரிக்க வேண்டும். நான் செய்வது குளிர் சோதனை. பஞ்சில் குளிர்ந்த ஸ்ப்ரேயை அடித்துப் பல்லில் வைத்தால், உயிருள்ள பல் சுரீரென்று கூசி உடனே அடங்கும். செத்த பல்லுக்கு ஒன்றும் தெரியாது.

நாலைந்து வருடத்துக்கு முன் உசிலம்பட்டி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். 42 வயது. பல் சுத்தம் செய்யப் போன இடத்தில் எடுத்த படத்தில் கீழ் முன்பற்கள் நான்கின் வேர் நுனியிலும் கருப்பு. நான்குக்கும் வேர் சிகிச்சை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"வலியே இல்ல டாக்டரம்மா. தோட்டைக் கழட்டி அடகு வச்சுட்டுதான் வந்திருக்கேன்" என்றார்.

"வாயைத் திறங்கம்மா, முதல்ல பல்லைப் பார்ப்போம்" என்றேன்.

நான்கு பல்லிலும் சொத்தை இல்லை, அடிபட்டதும் இல்லை. நான்கிலும் குளிர் சுரீரென்று தெரிந்தது. உயிருள்ள நான்கு பற்கள். இது சிமெண்டோ ஆசியஸ் டிஸ்பிளேசியா என்கிற மாற்றம். பெரும்பாலும் முப்பது வயது தாண்டிய பெண்களுக்குக் கீழ் முன்பற்களின் அடியில் வரும். முதலில் எலும்பு போய் நார்த்திசு வந்து கருப்பாகத் தெரியும், பிறகு நடுவில் வெள்ளைத் துகள்கள் சேரும், கடைசியில் மெல்லிய கருப்பு ஓரத்தோடு வெள்ளைக் கட்டியாகவே ஆகிவிடும். எந்த வைத்தியமும் வேண்டாம். ஊசி வைத்துத் திசு எடுப்பதுகூட வேண்டாம். பற்களைச் சுத்தமாக வைத்து, வருடத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்த்தால் போதும். அவரிடம் தோட்டை முதலில் மீட்டுக்கொண்டு வரச் சொன்னேன். போன வருடம் எடுத்த படத்தில் நடுவில் வெள்ளை விழ ஆரம்பித்திருக்கிறது. பற்கள் நான்கும் அப்படியே இருக்கின்றன.

எல்லாக் கருப்பும் இப்படிச் சாதுவானது இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முளைக்காத ஞானப்பல்லின் தலையைச் சுற்றி 2, 3 மி.மீ. அளவுக்குக் கருப்பு வளையம் இருப்பது இயல்பு. 5 மி.மீ. தாண்டினால் நீர்க்கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். தாடையின் பின் மூலையில் சோப்பு நுரை மாதிரி அறை அறையாகத் தெரிந்து, எலும்பு வீங்கி, பக்கத்துப் பல் வேர்கள் கரைந்திருந்தால் அமிலோபிளாஸ்டோமா என்கிற தாடைக் கட்டியாக இருக்கலாம். புற்றுநோய் இல்லை என்றாலும் அரைகுறையாக எடுத்தால் திரும்ப வரும். கெரட்டோசிஸ்ட் என்று ஒரு வகை நீர்க்கட்டி தாடையை வெளியே அதிகம் வீங்க விடாமல் எலும்பின் நீளத்துக்கு ஓடும், அதனால் தாமதமாகவே தெரியவரும். இவற்றுக்கெல்லாம் திசுப் பரிசோதனைதான் முடிவு சொல்லும்.

நான் மிகவும் பயப்படுவது விளிம்பே இல்லாத கருப்புக்கு. மெதுவாக வளர்வது தன்னைச் சுற்றி வெள்ளைக் கோடு போட எலும்புக்கு அவகாசம் தரும். வேகமாக அரிப்பது தராது. ஓரம் செல்லரித்தது போலக் கலைந்து, பற்கள் எலும்பில்லாமல் அந்தரத்தில் நிற்பதுபோலத் தெரிந்தால், அதுவும் வெற்றிலை புகையிலை போடுகிறவர் என்றால், புற்றுநோயாக இருக்கலாம், ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. நம் பக்கத்துக் கிராமங்களில் அறுபது வயது அப்பத்தாக்கள் புகையிலையை அடக்கிவைப்பது அந்தக் கீழ்த்தாடை ஓரத்தில்தான்.

கதிர்வீச்சைப் பற்றியும் பலர் கவலைப்படுகிறார்கள். 1896இல் ஓட்டோ வால்க்ஹாஃப் என்ற ஜெர்மானியர் தன் பல்லை முதன்முதலில் படமெடுத்தபோது 25 நிமிடம் கதிரில் இருக்க வேண்டியிருந்தது. இன்று ஓரிரு பல்லுக்கு மட்டும் எடுக்கும் சின்னப் படத்துக்கு ஒரு நொடிகூட ஆவதில்லை. ஒரு ஓபிஜியில் கிடைப்பது ஏறக்குறைய 10 முதல் 25 மைக்ரோசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). சும்மா வீட்டில் இருந்தாலே மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் சில நாட்களில் அவ்வளவு கிடைத்துவிடும். தேவையான படத்தை மறுக்க வேண்டாம்.

இனி உங்கள் அம்மாவுக்கு. ஓபிஜி மொத்தத் தாடையைக் காட்டும், ஆனால் வேர் நுனி மாதிரி நுணுக்கமான இடங்களில் மங்கல். அந்தப் பல்லுக்கு மட்டும் சின்னப் படம், இரண்டு கோணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். குளிர் சோதனை செய்யச் சொல்லுங்கள். அந்தப் பல்லுக்கு முன்பு எப்போதாவது எடுத்த படம் வீட்டில் இருந்தால் தேடி எடுத்துப் போங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட உதவுவது எதுவும் இல்லை. கீழுதடு மரத்திருந்தால், பல் ஆடினால், தாடை வீங்கியிருந்தால், படத்தில் ஓரம் கலைந்திருந்தால், இதையெல்லாம் விட்டுவிட்டு நேராகப் பெரியாஸ்பத்திரி பல் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். எந்தப் பல், எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. கீழே எழுதினால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.