கவுன்சிலர் வேலை சிறியதா?

அன்புள்ள ஐயா,

என் தம்பியைச் செபராங் பிறை மாநகர் கழகத்தில் உறுப்பினராக நியமித்திருக்கிறார்கள். கால்வாய் அடைத்துக்கொண்டால் நள்ளிரவிலும் அவனுக்குத்தான் அழைப்பு வருகிறது. "சட்டமன்றத்துக்குப் போனால்தான் அரசியல், இது குப்பை பார்க்கும் வேலை" என்கிறார் பெரியப்பா. உங்கள் கருத்து என்ன?

சு., பட்டர்வொர்த்

அன்புள்ள தங்கைக்கு,

பினாங்கின் முதல் முதலமைச்சர் வோங் பாவ் நீ, புக்கிட் மெர்தாஜாமில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அந்த ஊர் நகர மன்ற உறுப்பினராகத்தான் அரசியலைத் தொடங்கினார். 1957இல் முதலமைச்சரானார். மலேசியா உருவாவது குறித்துச் சபா, சரவாக் மக்களின் மனத்தை அறிய 1962இல் சென்ற கோபோல்ட் ஆணையத்தின் ஐவரில் அவரும் ஒருவர். 1969 தேர்தலில் தோற்கும்வரை மாநிலத்தை அவர்தான் நடத்தினார்.

அதே 1957இல் அக்கரையில், பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனின் முதல் மேயரானார் தொழிற்கட்சியின் டி.எஸ். ராமநாதன். இன்று அவர் பெயரில் அங்கே ஒரு சாலை இருக்கிறது. அந்நாளைய மாநகர் மன்றத்தின் கையில் மின்சாரம், குடிநீர், நகரப் பேருந்து எல்லாம் இருந்தன. குழாயில் தண்ணீர் நின்றால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கவுன்சிலர். பதில் சொல்லாமல் நழுவினாலும், வாக்குக் கேட்டு அதே தெருவுக்கு அவர் வந்தாக வேண்டும். மலாயாவில் முதல் நகராட்சித் தேர்தலை 1951இல் நடத்திய ஊர் அது!

என் ஆதங்கமெல்லாம் பிறகு நடந்ததைப் பற்றித்தான். இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். மறு ஆண்டே ஜார்ஜ்டவுன் மன்றத்தின் அதிகாரங்கள் முதலமைச்சர் கைக்குப் போயின. அந்த முதலமைச்சர், நகர மன்றத்தில் வளர்ந்த அதே வோங் பாவ் நீ. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் தேர்தல் வேண்டும் என்றே பரிந்துரைத்தது. யார் கேட்டார்கள்? 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் நியமனத்தையே நிலையாக்கியது. தேர்தலை மீண்டும் நடத்தப் பினாங்கு அரசு 2012இல் தனிச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

பெரியப்பா குறைத்து மதிப்பிடும் அந்த வேலையில்தான் ஒரு முதலமைச்சர் உருவானார். தம்பியின் இக்கட்டு வேறு. நள்ளிரவில் போய்ச் சேற்றை அள்ள வைத்து, தண்ணீர் வடியும்வரை நின்றாலும், அந்த வீட்டுக்காரரால் அவரைப் பதவியில் வைத்திருக்க முடியாது. ஏமாற்றினால் விலக்கவும் முடியாது. இரண்டும் நியமித்தவர்கள் கையில். உள்ளாட்சித் தேர்தல் திரும்ப வேண்டும் என்று மன்றக் கூட்டத்திலேயே அவர் எழுந்து கேட்கட்டும். அதனால் மறு நியமனம் கிடைக்காமல் போகலாம். அதைத் தெரிந்துகொண்டே கேட்கச் சொல்கிறேன்.