வாசகர் கேள்வி – பதில்: நம்பாத விளம்பரம் நம்மை என்ன செய்கிறது?

கேள்வி: நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் பணம் பெற்றுக்கொண்டுதான் ஒரு பொருளைப் பரிந்துரைக்கிறார்கள் என்பது யாவரும் அறிந்ததே. நான் அவர்கள் சொல்வதை நம்புவதில்லை. ஆயினும், கடையில் நிற்கும்போது கை அந்தப் பொருளையே நாடுகிறதே, ஏன்?

பதில்: நம்பாமலிருப்பது வேறு, பாதிக்கப்படாமலிருப்பது வேறு. 1951-ல் கார்ல் ஹோவ்லாண்ட், வால்டர் வைஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்திய ஆய்வொன்று உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. அணுசக்தியால் இயங்கும் நீர்மூழ்கிக் கப்பல் சாத்தியமா என்பது பற்றிய கட்டுரையைச் சிலருக்கு இயற்பியலாளர் ஓப்பன்ஹைமரின் பெயரிலும், வேறு சிலருக்கு சோவியத் நாளேடான பிராவ்தாவின் பெயரிலும் படிக்கக் கொடுத்தார்கள். மற்றத் தலைப்புகளிலும் இவ்வாறே நம்பத்தக்க ஒரு பெயரும் நம்பத்தகாத ஒரு பெயரும் இருந்தன. படித்து முடித்தவுடன் கேட்டபோது, நம்பத்தக்க பெயரைக் கண்டவர்களே அதிகமாக மனம் மாறியிருந்தார்கள். நான்கு வாரம் கழித்து மீண்டும் கேட்டபோது அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்திருந்தது. அன்று ஐயத்தோடு ஒதுக்கியவர்களில் பலரும் கட்டுரையின் கருத்தை நோக்கி நகர்ந்திருந்தார்கள். சொன்னவர் யார் என்பதை அவர்கள் மறந்துவிடவில்லை. செய்தியையும் அதைச் சொன்னவரையும் இணைத்துப் பார்க்கும் பழக்கம்தான் தளர்ந்துபோயிருந்தது.

பின்னாளைய ஆய்வுகளில் இந்த விளைவு எல்லாச் சூழலிலும் தோன்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால், ஒன்றே திரும்பத் திரும்பக் கண்ணில் படும்போது அதன்மேல் ஒரு விருப்பம் தானாகவே வளர்கிறது என்று 1968-ல் உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் எடுத்துக்காட்டியதையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் கை போகும் திசை விளங்கும். விளம்பரம் பார்த்த அன்று எழுந்த ஐயம், பொருள் வாங்கும் நாளில் உடன் வருவதில்லை. எனவே, பழகிய பெயரைக் கண்டு கை நீளும் அந்த நொடியில், “இதைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் யார், அவருக்கு இதில் என்ன ஆதாயம்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள், பிரிந்துபோன செய்தியும் சொன்னவரும் மீண்டும் சேர்ந்துவிடும்.

கேள்வி: திரைப் பிரபலங்களை நம்பாத என் மகள், சமூக ஊடகத்தில் அவள் பின்தொடரும் இன்ஃப்ளூயன்சர்களை முழுமையாக நம்புகிறாள். “இவர்கள் நம்மைப் போன்றவர்கள்” என்கிறாள். இது சரியா?

பதில்: உங்கள் மகளின் உணர்வு பொய்யானதன்று, அந்த உணர்வைக் கொண்டே இந்த வணிகம் நடக்கிறது என்பதுதான் என் கவலை. பார்வையாளரை நேராகப் பார்த்துப் பேசும் தொலைக்காட்சித் தொகுப்பாளர்மீது, ஒருமுறைகூடச் சந்தித்திராதவருக்கும் நட்புணர்வு உண்டாகிறது என்று 1956-லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்னும் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கைபேசியில் தன் அறையிலிருந்து பேசி, பின்னூட்டத்துக்கும் மறுமொழி தருபவரிடம் அந்த நெருக்கம் இன்னும் பெருகுவது இயல்பே.

உங்கள் மகள் பின்தொடரும் ஒருவரின் காணொளி ஒன்றைப் பொறுமையாகப் பாருங்கள். தனக்கிருந்த சருமப் பிரச்சினையைச் சொல்லத் தொடங்குவார். சற்று நேரத்தில் ஒரு குப்பி கேமராவுக்கு அருகே வரும். அவர் பெயரிலேயே ஒரு தள்ளுபடிக் கூப்பன் திரையில் தோன்றும். பெரும்பாலும் அந்தக் கூப்பன், எத்தனை பேர் அவர் சொல்லி வாங்கினார்கள் என்று நிறுவனம் கணக்கிட்டு அவருக்குக் கமிஷன் வழங்குவதற்கான அடையாளமும்கூட. குறையைச் சொன்னால் விற்பனையும் தன் வருமானமும் குறையும் என்ற நிலையில் இருப்பவரிடம் நடுநிலையான மதிப்பீட்டை எதிர்பார்ப்பது கடினம். அவர் இதுவரை எந்தப் பொருளையேனும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரா என்று மகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அறிவுரையைவிட அந்தத் தேடல் அதிகம் உணர்த்தும்.

கேள்வி: பதிவில் “விளம்பரம்” என்று குறிப்பிட்டுவிட்டால் போதாதா?

பதில்: போதாது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் 2021-ல் ஒரு கிரிப்டோ நாணயத்தைப் பற்றி இன்ஸ்டாகிராமில் வெளியிட்ட பதிவில் விளம்பரம் என்பதற்கான ஹேஷ்டேக் இருந்தது. இருந்தும், அதற்காக 2,50,000 டாலர் பெற்றதை அவர் வெளியிடவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் நடவடிக்கை எடுத்தது. குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும், 2022-ல் 12.6 லட்சம் டாலர் செலுத்த அவர் இசைந்தார். முதலீடு சார்ந்த பரிந்துரை என்பதால் தொகையையும் சொல்லும் கடமை அங்கே இருந்தது. மற்றப் பொருள்களுக்கு அந்நாட்டின் வர்த்தக ஆணையம், பணம் மட்டுமன்றி இலவசமாகக் கிடைத்த பொருளையும் சொல்ல வேண்டும், அதுவும் எவர் கண்ணிலிருந்தும் தப்பாத இடத்தில் சொல்ல வேண்டும் என்கிறது. “மேலும்” என்பதைத் தொட்டால் மட்டுமே விரியும் வரிகளுக்குள்ளோ, பத்து ஹேஷ்டேக்குகளின் நடுவிலோ புதைத்து வைப்பது அந்த நோக்கத்தையே முறியடிக்கிறது.

கேள்வி: தவறான விளம்பரத்துக்கு நிறுவனத்தைக் கேட்காமல் பிரபலத்தைக் குறைசொல்வது நியாயமா?

பதில்: இருவரையும் கேட்பதே நியாயம். பொருளைத் தயாரித்தவர் அதன் தரத்துக்குப் பொறுப்பாளி. “நானே பயன்படுத்துகிறேன்” என்று சொன்னவர் அந்தச் சொல்லுக்குப் பொறுப்பாளி. பயன்படுத்தியே பாராத நிலையில் அவ்வாறு சொல்லியிருந்தால், அது நிறுவனம் எழுதிக் கொடுத்த வசனம் என்பது விடையாகாது.