தோட்டத்தை விற்கிற பேச்சை நிறுத்துங்கள்

தக்கலைப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார். மகள் பயோ-மேத்ஸ் படித்தவள். இரண்டாவது தடவையும் நீட்டில் தகுதி மதிப்பெண்ணோடு நின்றுவிட்டாள். துபாயில் இருக்கும் தாய்மாமா, வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்தே ஆக வேண்டும் என்கிறார். அதற்கு 60 சென்ட் ரப்பர் தோட்டத்தை விற்கவேண்டும். மகளோ, சித்தப்பாவின் பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கல்யாண போட்டோக்களை மீட்டுக் கொடுத்த நாளிலிருந்து கம்ப்யூட்டரை விட்டு நகர்வதில்லையாம்.

அக்கா, உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனாலும் நேராகவே சொல்கிறேன், தோட்டத்தை விற்காதீர்கள். வெளிநாட்டில் முடித்து வந்தாலும் இங்கே தகுதித் தேர்வு எழுதித் தேறினால்தான் டாக்டர். மனசில்லாமல் படித்த பிள்ளை அதில் தேறாவிட்டால் மாமாவா தோட்டத்தை மீட்டுத் தருவார்? பி.இ., நர்சிங் பற்றிச் சொல்ல நாகர்கோவிலில் ஆயிரம் பேர் உண்டு, நான் அதற்குள் போகவில்லை.

உங்கள் மகள் செய்த வேலைக்குப் பக்கத்திலேயே டிஜிட்டல் தடயவியல் என்று ஒரு தொழில் இருக்கிறது, கம்ப்யூட்டர் மாதிரி கருவிகளிலிருந்து வழக்குக்கான ஆதாரத்தை எடுக்கிற வேலை. ஒரு வழக்கில் லேப்டாப்பைக் கைப்பற்றினால் அதை அப்படியே திறந்து பார்க்கக் கூடாது. விண்டோஸில் சொருகினாலே டிஸ்க்கில் ஏதாவது எழுதப்பட்டுவிடும். அதனால் டிஸ்க்கில் எதையும் எழுதவிடாத ரைட் பிளாக்கர் என்ற கருவியை நடுவில் வைத்து, டிஸ்க்கின் முதல் செக்டாரிலிருந்து (தரவு சேமிக்கும் சிறு துண்டு) கடைசி வரை நகல் எடுப்பார்கள். இதற்கு இமேஜிங் என்று பெயர். சாதாரண காப்பி-பேஸ்ட்டில் வராத, அழித்த கோப்புகளின் மிச்சங்களும் இதில் வந்துவிடும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் போனாலும் 500 ஜிபி டிஸ்க்குக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பழுதான செக்டார் இருந்தால் இன்னும் இழுக்கும்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. மூலத்துக்கும் நகலுக்கும் ஹாஷ், அதாவது தரவின் கைரேகை மாதிரியான ஒரு குறியீடு, கணக்கிட வேண்டும். ஷா-256 முறையில் 64 எழுத்து-எண்கள் கொண்ட ஒரு வரி வரும். ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த வரி முழுக்க மாறிவிடும். இரண்டும் ஒத்துப்போனால்தான் நகல் சரி. எம்டி5, ஷா-1 என்ற பழைய ஹாஷ் முறைகள் இரண்டிலும் வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே ஹாஷ் வரவைத்துக் காட்டிவிட்டார்கள், அதனால் ஷா-256 சேர்த்துப் போடுவதே நல்லது. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் இன்னொரு சிக்கல்: மின்சாரம் கொடுத்தாலே, அழித்த தரவை அது உள்ளுக்குள் தானாகத் துடைக்கத் தொடங்கலாம். ரைட் பிளாக்கரால் அதைத் தடுக்க முடியாது. இந்த மாதிரி முடிச்சுகளை அவிழ்க்கப் பொறுமையுள்ள ஆள் வேண்டும், உங்கள் மகளிடம் அது இருக்கிறது.

வேலை கிடைக்குமா என்பீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தில், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் படிவத்திலேயே ஹாஷ் மதிப்பு எழுத இடம் இருக்கிறது. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போகவேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சொல்கிறது; மாநிலங்கள் ஐந்தாண்டுக்குள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும். அரசு ஆய்வகம் தவிர வங்கி, தணிக்கை நிறுவனம், சைபர் பாதுகாப்பு நிறுவனம் என்று தனியாரிலும் இந்த வேலை உண்டு.

வழி இதுதான். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். பிறகு நுழைவுத் தேர்வு எழுதி, தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. டிஜிட்டல் ஃபாரன்சிக்ஸ். லட்ச ரூபாய் சர்டிபிகேட் கோர்ஸ் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இமேஜ் எடுக்கும் எஃப்டிகே இமேஜர், அதை ஆராயும் ஆட்டோப்ஸி, இரண்டு மென்பொருளும் இலவசம். பழைய பென்டிரைவில் இமேஜ் எடுத்து, ஒரு கோப்பில் ஓர் எழுத்தை மாற்றி, மறுபடி எடுத்து ஹாஷ் ஒப்பிடட்டும். ரைட் பிளாக்கர் இல்லாமல் விண்டோஸில் சொருகினால் என்ன மாறுகிறது என்றும் பார்க்கட்டும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இந்தத் தொழிலில் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களின் படங்களையும் பார்க்க வேண்டிவரும். அதை இப்போதே மகளிடம் சொல்லி, தாங்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் சைபர் பாதுகாப்பில் வேறு பிரிவு பார்ப்போம். முடியும் என்றால் மாமாவிடம் நானே பேசுகிறேன்.