பஞ்சுத் தூசியும் மூச்சும்: மில் தொழிலாளர் கேள்வி பதில்

கேள்வி: கார்டிங்ல (பஞ்சைச் சீவுற பிரிவுல) எட்டு வருஷமா இருக்கேன் டாக்டர். லீவு முடிஞ்சு போற அன்னைக்கு மட்டும் நெஞ்சை இறுக்குது. மறுநாள் சரியாயிடுது. வேலைக்குப் போகப் பிடிக்காம சொல்றேன்னு வீட்டுல நினைக்கிறாங்க.

பதில்: அப்படி இல்லை தம்பி. இது பிஸினோசிஸ் என்ற, பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயின் ஆரம்பமாக இருக்கலாம். பஞ்சுத் தூசியில் இழையோடு காய்ந்த இலைத் துணுக்கும், அதில் வளரும் பாக்டீரியாவின் எண்டோடாக்சின் நச்சும் வரும். அது மூச்சுக்குழாயைச் சுருக்கும். தினமும் சுவாசித்தால் உடம்பு ஓரளவு பழகிவிடும். ஒருநாள் ஓய்வில் அந்தப் பழக்கம் போய்விடும். அதனால்தான் முதல் நாள் கடுமை. புத்தகங்களில் ‘திங்கள்கிழமை இறுக்கம்’ என்றிருக்கும். நம் மில்களில் ஆளுக்கொரு கிழமை லீவு; ஆகவே டாக்டரிடம் ‘லீவு முடிந்த முதல் நாள்’ என்றே சொல்லுங்கள். அன்று ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதி மூச்சின் அளவைப் பார்க்கும் சோதனை) ஊதிப் பார்க்க வேண்டும். இப்போதே தூசியை விட்டு விலகினால் மீளலாம். எல்லா நாளும் இறுக்கம் என்றாகிப் பல வருஷம் போனால், இழந்த மூச்சு திரும்பாது. பீடி இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: எக்ஸ்ரே நார்மல். அப்ப நோய் இல்லைதானே?

பதில்: எக்ஸ்ரேயை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஊதிப் பாருங்கள்.

கேள்வி: சாயப்பட்டறையில இருமல்.

பதில்: அது வேறு. சாயப்பொடியின் பெயரை எழுதிக்கொண்டு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: தினம் வெல்லம் சாப்பிட்டா தூசி இறங்கிடுமாமே?

பதில்: வெல்லம் போவது இரைப்பைக்கு, தூசி போவது நுரையீரலுக்கு. ப்ளோ ரூமில் (பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் இடம்) தூசி உறிஞ்சும் கருவி ஒழுங்காக ஓடுகிறதா, மெஷினைக் காற்றடித்துச் சுத்தம் செய்து தூசியைக் கிளப்புகிறார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: எங்கப்பா முப்பது வருஷம் மில்லுல இருந்தாரு. வெல்லம்தான் காப்பாத்துச்சு. இதுக்கு என்ன சொல்றீங்க?

பதில்: அப்பா நன்றாக இருப்பதில் சந்தோஷம். ஆனால் அவரோடு சேர்ந்து, மூச்சு வாங்கி நடுவில் வேலையை விட்டவர்கள் இன்று மில்லில் இல்லை. நின்று பிடித்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தத் தூசியும் நல்லதாகத்தான் தெரியும். முகத்தில் கட்டும் துண்டும் வெல்லத்தைப் போலத்தான்; நுண்தூசியைத் தடுக்காது.

கேள்வி: மனைவிக்கும் எக்ஸ்ரே நார்மல்...

பதில்: மேலே சொல்லிவிட்டேன். ஸ்பைரோமெட்ரி!

கேள்வி: நோய்னு உறுதியானா மில்லுல நிறுத்திடுவாங்களா?

பதில்: பயம் புரிகிறது. ஆனால் 1948 தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையில், அதாவது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில், இந்த நோய் இருக்கிறது. கண்டுபிடிக்கும் மருத்துவர் தலைமை ஆய்வாளர் அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) விதிகளிலும் இது தொழில்நோய். எந்தப் பிரிவில் எத்தனை வருஷம் வேலை என்பதை மருத்துவச் சீட்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள். வெறும் ‘ஆஸ்துமா’ என்று எழுதினால் நஷ்டஈடு கேட்பது கஷ்டம்.