கால்கரிக்கு எது ஆடிப்பட்டம்?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் கனடாவில் கால்கரிக்குக் குடிபோய்விட்டாள், பேரனைப் பார்த்துக்கொள்ள இவர் ஏப்ரல் நடுவில் போய் செப்டம்பர் கடைசிவரை இருக்கப் போகிறார், வீட்டுக்குப் பின்னால் நல்ல இடம் சும்மா கிடக்கிறதாம். கத்தரி, மிளகாய், வெண்டை, முளைக்கீரை போட வேண்டும், போய் இறங்கியதும் ஆரம்பிக்கலாமா என்று கேட்கிறார்.

ஆரம்பிக்கலாம், ஆனால் இந்த நாலில் ஒன்றையும் அல்ல.

வீவக அடுக்குமாடி வீட்டு வாசலில் தொட்டி வைத்து வளர்க்கிற நமக்கு 'எந்த மாதம்' என்ற கேள்வியே வந்ததில்லை, பொங்கலுக்கு ஊன்றினாலும் முளைக்கும், தீபாவளிக்கு ஊன்றினாலும் முளைக்கும். ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள், அது மழையை வைத்துச் சொன்னது. கால்கரியில் பட்டம் உறைபனியை வைத்து. அங்கே வசந்தகாலத்தின் கடைசி உறைபனி சராசரியாக மே 20ஐ ஒட்டி, திரும்ப முதல் உறைபனி செப்டம்பர் நடுவாக்கில், இடையில் சுமார் 115 நாள்தான் கையில். அதுவும் சராசரிதான், அதற்குப் பிறகும் பனி விழுகிற வருஷங்கள் நிறைய. அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் மே 25க்கு முந்தின திங்கட்கிழமை வருகிற விக்டோரியா தின விடுமுறை கழியட்டும் என்று காத்திருப்பார்கள்.

நானே ஒருமுறை ஏமாந்தேன். தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது மே முதல் வாரம், நல்ல வெயில், சட்டை வியர்க்கிற அளவு. எட்டுத் தக்காளி நாற்றை நட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் இலையெல்லாம் கொதிநீரில் போட்டெடுத்த கீரை மாதிரி கரும்பச்சையாகத் தொங்குகிறது, மத்தியானத்துக்குள் கறுத்துவிட்டது. கால்கரி கடல்மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கும் மேலே, பகல் எப்படி இருந்தாலும் ராத்திரி சில்லென்று இறங்கிவிடும்.

ஆகவே வெயிலைப் பார்க்காதீர்கள், மண்ணைப் பாருங்கள். சமையலுக்கு வைத்திருக்கிற குத்தும் வெப்பமானி போதும், காலை வேளையில் நாலு அங்குல ஆழத்தில் குத்தி, மூன்று நாலு நாள் தொடர்ந்து பாருங்கள். 5 டிகிரி தாண்டி நின்றால் பட்டாணி, பசலை (கொடிப்பசலை இல்லை, ஸ்பினாச்), முள்ளங்கி, லெட்யூஸ் போடலாம், இவை லேசான உறைபனியைத் தாங்கும். பெரும்பாலும் ஏப்ரல் கடைசி, மே தொடக்கம், அதாவது நீங்கள் இறங்கிய ஓரிரு வாரத்தில். உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட் மே முதல் பாதியில். பீன்ஸுக்கு மண் 15 டிகிரியாவது வேண்டும், அவசரப்பட்டால் விதை முளைக்காமல் அழுகும். முளைக்கீரைக்கும் அதே கணக்குதான், ஜூன் தொடக்கம்.

மிளகாய், கத்தரிக்கு நீங்கள் போய்ச் சேரும்போதே நேரம் தாண்டியிருக்கும். இரண்டையும் கடைசி உறைபனிக்கு 8 முதல் 10 வாரம் முன்பே வீட்டுக்குள் விதைக்க வேண்டும், தக்காளியை 6 முதல் 8 வாரம் முன்பு. மகளிடம் மார்ச் நடுவிலேயே சன்னலோரம் மிளகாயும் கத்தரியும் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அங்கே நாற்றாக வாங்கிக்கொள்ளுங்கள். நடுவதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள், பகலில் வெளியே, ராத்திரி உள்ளே என்று பழக்க வேண்டும், இதை விட்டால் செடி வெந்துபோகும். உறைபனி அபாயம் நீங்கியதும் நடலாம், பெரும்பாலும் ஜூன் முதல் வாரம். பழைய போர்வை ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும், குளிர் இறங்கும் என்று தெரிந்தால் போர்த்திவிட்டுக் காலையில் எடுத்துவிடலாம்.

விதை உறையில் காய்ப்புக்கு 65 நாள் என்று போட்டிருந்தால், தக்காளிக்கு அது நாற்று நட்ட நாளிலிருந்து எண்ணுவது. ஜூன் 5இல் நட்டால் ஆகஸ்ட் 9, குளிர் ராத்திரிகளுக்காக இன்னும் இரண்டு வாரம் கூட்டுங்கள், ஆகஸ்ட் 20 தாண்டிவிடும். அதனால் 65க்கு மேல் போட்டிருக்கிற ரகத்தைத் தொடாதீர்கள். தேக்கா சந்தையில் கிடைக்கிற நம் விதையைக் கட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான், விதை கொண்டுபோவதற்கு விதிமுறை வேறு இருக்கிறது. கத்தரியைக் கறுப்புத் தொட்டியில் வைத்துத் தெற்குப் பார்த்த சுவரோரம் நிறுத்தினால் கொஞ்சம் காய்க்கும். வெண்டையை மறந்துவிடுங்கள்.

ஒரு வேடிக்கை, ஜூனில் அங்கே பகல் பதினாறரை மணி நேரம். நம்மைப்போல் வருஷம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரப் பகலோடு பழகியவர்களுக்கு இது புரியவே நாளாகும். பசலை அந்த நீண்ட பகலில் சட்டென்று பூத்துக் கசந்துவிடும், ஆகவே பூக்கத் தொடங்குமுன்பே பறித்துத் தீர்த்துவிட்டு, ஆகஸ்ட் தொடக்கத்தில் மறுபடி விதையுங்கள்.

செப்டம்பரில் உறைபனி எச்சரிக்கை வந்த அன்று சாயங்காலமே தக்காளியைக் காயும் பழமுமாகப் பறித்து உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். வெளிர்ந்த காய் காகிதப் பையில் கிடந்தே பழுக்கும், கரும்பச்சையாக இருப்பதைத் துவையல் அரைத்துவிடலாம்.