லான்பெரிஸ் பழைய வரைபடத்தில் இருக்கும் நேர்கோடு சாலை இல்லை

வணக்கம். வேல்ஸ் நாட்டில் லான்பெரிஸ் ஊருக்கு அருகே உள்ள டினார்விக் ஸ்லேட் (பலகைக்கல்) குவாரியின் பழைய ஆறு அங்குல (ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டும்) ஆர்டனன்ஸ் சர்வே, அதாவது பிரிட்டன் அரசு நில அளவைத் துறை, வரைபடத் தாளில், மலைச்சரிவில் நெட்டுக்குத்தாக ஏறும் கோடு சாலையா, அதில் நடக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாளிலுள்ள உயரம் உங்கள் ஜிபிஎஸ் காட்டும் உயரத்தோடு பொருந்தவில்லை என்றும் சொல்லியிருந்தீர்கள்.

சாலை இல்லை. சாலை என்றால் வளைந்து வளைந்துதான் ஏறும். சம உயரக் கோடுகளை இப்படி நேராக வெட்டிப்போவது இன்க்லைன், அதாவது வேகன் இறங்கும் சரிவுப்பாதை. கல் ஏற்றிய வேகன்கள் கீழே இறங்கும்போது அந்தப் பாரமே காலி வேகன்களை மேலே இழுத்துவிடும்; எஞ்சின் தேவையில்லை. கோட்டின் மேல்முனையில் குட்டிக் கட்டம் தெரிகிறதா? பெரும்பாலும் அது கம்பிவடம் சுற்றும் உருளை இருந்த கட்டடம். விரல் விரித்தாற்போல நீளும் கீறல்கள் கழிவுக்கல் மேடுகள்.

ஜிபிஎஸ் உயரம் பொருந்தாததற்குக் காரணம், தாளில் இருப்பது அடிக்கணக்கு. 0.3048-ஆல் பெருக்குங்கள், 1000 அடி 305 மீட்டர். ஆனால் குவாரிக்குள் அதையும் நம்பாதீர்கள். 1969-இல் மூடும்வரை மலையை வெட்டிக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் இதே தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம், இலவசம்தான். நடப்பதற்கு முன் இன்றைய பொதுப்பாதை வரைபடத்தையும் பாருங்கள். பல இன்க்லைன்கள் வேலிக்கு உள்ளே இருக்கின்றன.